அந்தக் கவரில் என்ன இருக்கிறது, ஐயா?

கேரள-தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கால்நடைத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 3,000 கறிக்கோழி வளர்க்கிறோம். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் எங்களுடையது. உங்களுக்குத் தெரியாததா?

போன மாதம் அம்மாவுக்குச் சிறுநீரில் கிருமி. கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக ஆர், ஆர், ஆர். கேட்காது என்று அர்த்தமாம். பத்து நாள், காலையும் மாலையும் ஊசி. நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் புறங்கை கன்றிப்போனது. "பண்ணையில என்ன மருந்து போடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். பதில் தெரியவில்லை. சூப்பர்வைசர் கொடுக்கும் கவரில் ஒரு நம்பர்தான் இருக்கும். அந்தப் பொடியை வாளியில் கொட்டி, வெறுங்கையால் கரைத்து, கோழிகளின் தண்ணீர் டேங்கில் ஊற்றுவது அம்மாதான்.

கவரில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். தமிழிலும் மலையாளத்திலும்.

அம்மாவின் கிருமி கோழியிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வழி இருக்கிறது. மருந்துக்குத் தப்பிய பாக்டீரியா அந்த வித்தையைத் தன் வாரிசுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் ஏற்றிப் பக்கத்தில் இருப்பதற்கும் கொடுத்துவிடும், அது வேறு இனமானாலும். உறைமோர் கொடுப்பது போலத்தான்: கொடுத்த வீட்டிலும் குறையாது, வாங்கிய வீட்டிலும் தயிர். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு ஜீன்கள் இருந்தால், ஒரு மருந்தைப் போட்டாலே மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் கூடவே தங்கிவிடும். அப்புறம் அந்தப் பாக்டீரியா கோழி எருவோடு தென்னந்தோப்புக்கும் போகும்.

வேறு மருந்து கேட்காதபோது மனிதருக்குக் கடைசிக் கையிருப்பான கோலிஸ்டின் என்ற மருந்துக்கே இப்படிக் கைமாறும் ஜீன் இருப்பது 2015இல் சீனாவில் தெரியவந்தது. 2019இல் கால்நடைக்கும் கோழிக்கும் அதைத் தடை செய்தது மத்திய அரசு. சரி, எங்கள் கவரில் அது இல்லை என்று எதை வைத்து நம்புவது? நம்பரை வைத்தா?

கேரளத்தில் கோழிக்கு வரி இருந்த காலத்தில் செக்போஸ்டில் கூண்டு கூண்டாக எண்ணினார்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்து வரி போனது. கோழி மேல் இருந்த அக்கறையும் அதே லாரியில் ஏறிப் போய்விட்டது போல.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: கவரில் பெயர். வியாழக்கிழமை அடுத்த பேட்ச் குஞ்சு இறங்குகிறது. அதற்குள் முடியாது, தெரியும். அதற்கடுத்த பேட்சுக்காவது தயவு செய்யுங்கள். பழைய கவர் ஒன்றைப் பொடி ஒட்டியபடியே எடுத்து வைத்திருக்கிறேன். பரிசோதிக்க யார் வந்தாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கோழி வளர்ப்பவன்