போகிக்குப் பரணைக் காலி செய்யுமுன்

பரணில் பழைய வீடியோ கேசட் வைத்திருக்கும் அண்ணன், அக்கா, சித்தப்பா, பெரியம்மா எல்லோருக்கும் வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டது. பரணில் ஏறினால் 'அக்கா கல்யாணம் 2' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய கேசட் ஒன்று கையில் சிக்கும். போட்டுப் பார்க்க டெக் இல்லை, கல்யாணத்தைத்தான் சிடியில் மாற்றியாயிற்றே என்று தூக்கிப் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். எனக்கு வேண்டியது கல்யாணம் இல்லை, அதற்குப் பின்னால் இருப்பது.

அந்தக் கேசட் மூன்று மணி நேரம் ஓடும். தாலி கட்டி, பந்தி முடிய இரண்டரை மணி. மிச்சத்தை வீணாக்குவானேன் என்று யாராவது டிவியிலிருந்து 'ஒலியும் ஒளியும்' சினிமாப் பாட்டு நிகழ்ச்சியைப் பதிந்திருப்பார்கள். அழியாமலிருக்க உடைத்துவிட்ட பிளாஸ்டிக் மூலையில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது அன்று வீட்டுப் பையன்களுக்கெல்லாம் தெரிந்த வித்தை.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆரம்ப கால நிகழ்ச்சிகளைத் தேடினால் துண்டு துணுக்குகள்தான் அகப்படுகின்றன. நாடா விலை அதிகம் என்பதால் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவது பல நாட்டு நிலையங்களிலும் இருந்த வழக்கம். பிபிசியே அப்படிப் பல நாடகங்களைத் தொலைத்தது. சிலவற்றின் ஒலியாவது பிழைத்தது, ரசிகர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்ததால். இங்கே 1931 அக்டோபர் 31-ல் வந்த, தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்'க்கே ஒரு பிரதி மிஞ்சவில்லை. அப்படியிருக்க 'வயலும் வாழ்வும்', 'எதிரொலி', நடுவே வரும் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையை யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? உங்கள் பரண்தான்.

எங்கள் வீட்டுக் கேசட்டை ஒரு கடையில் மாற்றக் கொடுத்தேன். தாலி கட்டும் இடத்தில் ரோஜா மழை கிராபிக்ஸ் எல்லாம் போட்டுத் தந்தார்கள். கடைசி அரை மணி எங்கே என்றேன். "அது டிவி வேஸ்ட்டு சார், எடுத்துட்டோம்." கேசட்டையும் குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

அதனால் சொல்கிறேன், மாற்றக் கொடுத்தால் 'வெட்டாதீங்க, கடைசி வரை ஓடட்டும்' என்று சொல்லிக் கொடுங்கள். நாடாவில் வெள்ளைப் பொடி மாதிரி பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் கேசட்டும் கெடும். இந்தக் கேசட்டை ஓட்டும் விஎச்எஸ் டெக் தயாரிப்பும் 2016-லேயே நின்றுவிட்டது, இருப்பவை ஓடும்வரைதான்.

எங்கள் கேசட்டில் போனது ஐந்து நிமிட ஒயிலாட்டம். 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் எங்கள் ஊர்க் குழு ஆடியது. அதே சாயங்காலம் வேறு ஏதோ வீட்டிலும் யாரோ ரிக்கார்ட் பட்டனை அழுத்தியிருக்கலாம். மஞ்சள் தலைப்பாகையில் எட்டுப் பேர். வலமிருந்து மூன்றாவது ஆள் பாதியில் கைத்துணியைக் கீழே விட்டுவிட்டு, வெறுங்கையோடு ஆடி முடிப்பார். அவர் என் மாமா.