அல்சூர் வீட்டின் படிக்கட்டு: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

பெரியப்பா கட்டிய அல்சூர் வீட்டைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று படிக்கட்டுப் படங்களை அனுப்பி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். எல்லோரும் சுவரிலிருந்து மரப்பலகைகள் நீண்டு நிற்கும் மிதக்கும் படிக்கட்டுக்குக் கைதட்டினார்கள். கட்டடப் பொறியியல் படித்தவள் என்ற உரிமையில் நான் மறுப்புச் சொல்கிறேன். பெங்களூரில் பழைய வீட்டைக் கையில் எடுக்கும் பலரும் இதே கேள்வியைக் கேட்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். தவறாக எண்ண மாட்டீர்கள் என்று தெரியும்.

அந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கிறது. மறுமுனையில் ஒருவர் கால் வைக்கும்போது அந்தப் பளு சுவரைப் பெயர்த்தெடுக்கப் பார்க்கும். கான்கிரீட் சுவராக இருந்தால் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடலாம். நம் வீட்டில் இருப்பதோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதுவும் மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் சுவர். அதில் வரிசையாகத் துளை போட நான் சம்மதிக்க மாட்டேன். சுவரை ஒட்டி இரும்பு உத்தரம் நிறுத்தி அதில் படிகளைப் பற்றவைக்கலாம் என்று கான்ட்ராக்டர் சொல்வார்; செய்யலாம்தான், ஆனால் செலவு கூடும், படிகளுக்கு இடையிலான திறப்பு அப்படியே இருக்கும், தவழும் பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் அது எனக்கு ஒப்பவில்லை. சுழல் படிக்கட்டு மொட்டைமாடிக்குப் போக மட்டுமே ஆகும். அதில் பீரோவை ஏற்ற முடியாது.

எனக்குப் படத்தைவிட அளவுதான் முக்கியம். இப்போதிருக்கும் படிக்கட்டு பெரியம்மாவின் முழங்காலை வாட்டுவதற்குக் காரணம் எளிது. தளத்துக்குத் தளம் 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குல உயரத்தை 15 படிகளில் ஏறுகிறோம். ஒரு படிக்கு ஏறத்தாழ 8.4 அங்குலம் வருகிறது. வீடுகளுக்கு நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஏற்றுக்கொள்ளும் மிக அதிக உயரம் 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். மிதியின், அதாவது கால் வைக்கும் பரப்பின், அகலம் குறைந்தது 250 மில்லிமீட்டர், சுமார் பத்து அங்குலம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளாண்டெல் வகுத்த கணக்கு இன்றும் எங்களுக்குக் கைகொடுக்கிறது: ஒரு படியின் உயரத்தை இரட்டித்து மிதியின் அகலத்தைக் கூட்டினால், இன்றைய வழக்கில் 60 முதல் 65 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். மனிதர் ஒரு எட்டு எடுத்து வைக்கும் தூரம் அவ்வளவுதான்.

நம் வீட்டுக்கு 19 படிகள் வைக்கலாம். ஒவ்வொன்றும் 6.63 அங்குல உயரம், மிதி பத்தரை அங்குலம்; கூட்டினால் 60 சென்டிமீட்டரை ஒட்டி வருகிறது. கீழிருந்து பத்துப் படி, திரும்புமிடத்தில் சமதளமாக ஒரு லேண்டிங், திரும்பி ஒன்பது படி. மூன்றடி அகலத்தில் இரண்டு வரிசையும் நடுவில் சிறு இடைவெளியும் வைத்தால், கூடத்தின் மேற்கு ஓரத்தில் 11 அடிக்கு ஆறரை அடி இடம் போதும். வலது கால் வைத்து ஏறத் தொடங்கினால் மேல்தளத்திலும் வலது காலே முதலில் படும் என்பதால் வாஸ்து பார்ப்பவருக்கும் மறுப்பு இருக்காது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று திருப்பத்தில் முக்கோணப் படிகள் போட மேஸ்திரி முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்முனையில் கால் வைக்க இடமிருக்காது, இறங்கும்போது சறுக்கும்.

புதுப்பிக்கும் வீடுகளில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கீழே சிவப்பு ஆக்சைடு தரையை உடைக்காமல் அதன்மேலேயே கிரானைட் பதிக்கப் போவதாகச் சொன்னீர்கள். கலவையும் கல்லும் சேர்ந்து தரை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரும். படிக்கட்டைப் பழைய தரையிலிருந்து அளந்து கட்டிவிட்டுப் பிறகு தரை போட்டால், முதல் படி நாலரை அங்குலமாகச் சுருங்கிவிடும். மேல்தளத்திலும் அதேபோல் கல் பதித்தால், கடைசிப் படி எட்டரை அங்குலத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். ஏறுகிறவரின் கால் இரண்டு படிகளுக்குள் உயரத்தைப் பழகிக்கொண்டு, அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று நம்பிப் போகிறது. மாறிய படியில்தான் தடுக்கி விழுவார்கள். ஒரே வரிசையில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் உள்ள வேறுபாடு 3/8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க வீட்டுக் கட்டட விதி சொல்கிறது. ஆகவே இரண்டு தளங்களிலும் முடிவான தரை மட்டம் எது என்று முதலில் தீர்மானித்து, அந்த மட்டத்திலிருந்தே 126 அங்குலத்தை மறுபடி அளந்து வகுக்க வேண்டும்.

படிக்கு தேவனஹள்ளிப் பக்கத்துச் சாதரஹள்ளிக் கல் நல்லது. சாம்பல் நிறம், உறுதி, நம் ஊர்க் கல். பளபளப்பாக மெருகேற்றாமல் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள், ஈரக்கால் வழுக்காது. கண்ணாடித் தடுப்பை நீங்கள் விரும்பினால் நான் தடுக்கவில்லை, ஆனால் அதன்மேல் கை முழுதாகப் பற்றிக்கொள்ளும்படி உருண்டையான மரக் கைப்பிடி ஒன்று ஓட வேண்டும். லேண்டிங் சுவரில் ஜன்னலும், மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கக்கூடிய விளக்கும் வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் இன்வர்ட்டர் பேட்டரியை வைப்பதானால் அந்த அறையை முழுக்க அடைத்துவிடாதீர்கள்.

பழைய படிக்கட்டை இடிக்கும் முன் அதன் கம்பிகள் எந்த உத்தரத்தோடு கோத்திருக்கின்றன என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்க்கட்டும். அதற்குள் மேஸ்திரியிடம் தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்து, இரு தளங்களிலும் முடிவுத் தரைக்கோட்டைச் சுவரில் வரையச் சொல்லி, இடையிலுள்ள உயரத்தை எனக்கு எழுதுங்கள். படிகளின் கணக்கை அதை வைத்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கை