சத்தம் போடாமல் இருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஆல்பத்தின் எட்டுப் பாட்டும் ஒருவழியாக முடிந்து, ஒலியைச் சீராக்கும் கடைசி வேலையான மாஸ்டரிங்கும் ஆகிவிட்டது. வாசித்தவர்கள் பெயர் அட்டையில் வரும். இந்த மடல் பெயர் வராதவர்களுக்கு.

நான் வடபழனியில் இருக்கிறேன். பேஸ் வாசிப்பவன் சிங்கப்பூரில், டிரம்ஸ்காரன் டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில். "நெட்டிலேயே சேர்ந்து வாசிச்சுட வேண்டியதுதானே?" என்று கேட்காத ஆளில்லை. நடக்காது. நெட்டைக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். டொராண்டோ 13,000 கிலோமீட்டருக்கு அப்பால். என்னதான் நல்ல கனெக்‌ஷன் என்றாலும் நான் மீட்டியது அவன் காதுக்குப் போக 65 மில்லிசெகண்டாவது ஆகும், அவன் அடி திரும்பி வர இன்னொரு 65. 30-ஐத் தாண்டினாலே தாளம் இழுக்கத் தொடங்கிவிடும். அதனால் அவரவர் வீட்டில் கிளிக்கை, அதாவது வேகம் மாறாமல் தாளம் காட்டும் டிக் டிக் ஒலியை, ஹெட்போனில் கேட்டுத் தனியாக வாசித்து, ஃபைலை அனுப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். பேசிக்கொள்ள மட்டும் ஞாயிறு காலை 6.30 மணி. சிங்கப்பூரில் அப்போது காலை 9, டொராண்டோவில் சனி இரவு 9. நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் எனக்கு 7.30 ஆனது; ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் பதிவு செய்வதென்றால் பாடுகிறவனைத் தவிர மற்ற எல்லோரும் வாயை மூட வேண்டும். முதல் நல்ல டேக் குக்கரின் மூன்றாவது விசிலில் போனது. அன்றைக்கே அம்மா குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டார். பதிவு முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் சோறு வடித்தார். சித்திரை வெயிலில் ஃபேனையும் நிறுத்திவிட்டு, கதவுக்கு வெளியே விசிறியோடு உட்கார்ந்திருந்தார். தண்ணி லாரி அண்ணன் ஹார்ன் அடிப்பதை விட்டு, தெருமுனையில் நின்று எனக்கு மிஸ்டு கால் கொடுத்தார். காக்காய்களிடம் மட்டும் பேச முடியவில்லை. மூன்றாவது பாட்டுக்குள் ஒரு காக்காய்ச் சத்தம் இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டோம்.

ஸ்கார்பரோவில் டிரம்ஸ்காரன் குடியிருப்பது பேஸ்மென்ட். மேலே ஓர் ஈழத்துக் குடும்பம், இரண்டு குழந்தைகள். ஐந்து சனிக்கிழமைகள் அவர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டார்கள், அவன் மூச்சுமுட்ட அடிக்கட்டும் என்று. நேரில் பார்த்ததில்லை, போனில் நன்றி சொன்னேன். "அதுக்கென்ன தம்பி" என்றார் அந்த அக்கா.

தவில்தான் பெரிய பாடு. பத்துக்குப் பத்து அறையில் தவிலை அடித்தால் சுவர்தான் கேட்கும், பாட்டு கேட்காது. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்துத் தெரு மண்டபத்து மேனேஜர் கரண்ட் காசு மட்டும் வாங்கிக்கொண்டு பந்தி நடக்கும் ஹாலைத் திறந்துவிட்டார். தவில் அண்ணன் விரல்களில் கூட்டை மாட்டிக்கொண்டு, ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்து, கழற்றி என்னிடமே நீட்டினார். "இந்த டிக் டிக் எல்லாம் நீங்க கேளுங்க தம்பி. எனக்குக் கையைக் காட்டுங்க, போதும்." கிளிக்கை நான் கேட்டு, அவர் எதிரில் நின்று நாற்பது நிமிடம் தாளம் போட்டேன். தொடை சிவந்துவிட்டது. ஒரு இடம்கூட நகரவில்லை.

சிங்கப்பூர்க்காரனுக்கு நன்றியோடு மன்னிப்பும் சேர வேண்டும். டிஜிட்டல் பதிவில் ஒலியை நொடிக்கு இத்தனை முறை அளக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு; அவன் 44,100-இல் பதிந்து அனுப்பிய பேஸை நான் 48,000-இல் ஓட்டினேன். வேகமும் கூடி, சுதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு செமிடோன்) ஏறிவிட்டது. விஷயம் தெரியாமல் "டியூன் பண்ணாமயா வாசிச்ச?" என்று ஒரு நாள் முழுக்கத் திட்டினேன். அவன் தன் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் உட்கார்ந்து மறுபடி மறுபடி டியூன் பார்த்திருக்கிறான், பாவம்.

அப்புறம், பிய்ந்த மைக் கேபிளை நின்ற இடத்தில் பற்றவைத்துக் கொடுத்து, காசு வேண்டாம் என்ற ரிச்சி தெரு தம்பி.

கடைசியாக மாடி வீட்டு அக்கா. எங்களுக்காக ஞாயிறு மாவை சனி ராத்திரியே ஆட்டினீர்கள். இனி எப்போது வேண்டுமானாலும் கிரைண்டரைப் போடுங்கள் அக்கா. அடுத்த ஆல்பம் என்று பேச்சு வந்தால் ஒரு மாதம் முன்னாலேயே வந்து சொல்லிவிடுகிறேன்.