கப்பன் பூங்காவில் சைக்கிள் நிறுத்த இரும்பு வளைவுகள் வேண்டி மனு

அனுப்புநர்:
அல்சூர், சிவாஜிநகர் வட்டாரச் சைக்கிள் ஓட்டிகள், பெங்களூரு.

பெறுநர்:
உயர்திரு துணை இயக்குநர் அவர்கள், தோட்டக்கலைத் துறை, கப்பன் பூங்கா, பெங்களூரு.

பொருள்: சைக்கிளில் பூங்காவைச் சுற்றிப் பார்ப்போருக்கு நிறுத்துமிடம் அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் பூங்காவுக்குள் மோட்டார் வாகனங்களுக்குத் தடை இருப்பதால், 1870-இல் உருவான இந்தப் பூங்காவின் சாலைகளில் சிறுபிள்ளைகளும் பயமில்லாமல் சைக்கிள் மிதிக்கலாம். தனிப் பாதை கேட்டு இம்மனுவைத் தரவில்லை. இருக்கிற தார்ச்சாலையின் அகலமே தாராளம். புதிதாகக் கான்கிரீட் போட்டால் மர வேர்களுக்குத்தான் கேடு.

சுற்றிப் பார்க்க வருகிறவர் ஓட்டுவதைவிட இறங்கி நிற்பதுதான் அதிகம். சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்து நூலகம், பேண்ட் ஸ்டாண்டு, பால பவன், கஸ்தூரிபா சாலைப் பக்கம் அருங்காட்சியகம் என்று ஒவ்வொரு இடத்திலும் வண்டியைப் பூட்டியாக வேண்டும். பூட்டக் கம்பி இல்லையென்றால் சங்கிலி மரத்தைத்தான் சுற்றும். இளமரமானால் பட்டை உரிந்துவிடும்.

முன்சக்கரத்தை மட்டும் செருகும் தாழ்வான ஸ்டாண்டு தயவுசெய்து வேண்டாம். விலை குறைவென்று ஒப்பந்தக்காரர்கள் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் பாரம் முழுவதும் சக்கரத்தில் இறங்கி ரிம் கோணிவிடும். டிஸ்க் பிரேக்கின் தட்டும் வளையும். தடித்த டயர் உள்ளே நுழையவே நுழையாது. பூட்டையும் சக்கரத்தில்தான் போட முடியும். கையாலேயே கழற்றக்கூடிய சக்கரமானால், திருடன் அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவான்.

'ப' எழுத்தைக் கவிழ்த்தது போன்ற குழாய் வளைவே சரி. 50 மி.மீ. விட்டமுள்ள, துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய். தரைக்கு மேல் 75 செ.மீ. உயரம், அகலமும் அதே அளவு. தரைக்குள் 30 செ.மீ. புதைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இருபுறமும் ஒவ்வொரு சைக்கிளை நிறுத்தி, அதன் சட்டத்தோடு (ஃபிரேம்) சேர்த்துப் பூட்டலாம். வளைவுக்கு வளைவு 1 மீட்டர் இடைவெளி விடாவிட்டால் ஹாண்டில்பார்கள் சிக்கிக்கொள்ளும். குழி தோண்டுவது அடிமரத்திலிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். முதலில் நூலக வாசலில் மட்டும் ஐந்து வளைவுகள் வைத்துப் பார்க்கலாம்.

வாயில் தடுப்புகளுக்கு நடுவே 1.2 மீட்டர் விட்டால் காரும் ஆட்டோவும் நுழையாது. சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகும். பைக் நுழையும்தான், அதற்குக் காவலரை விட்டால் வழியில்லை. வடிகால் மூடிகளில் கம்பிகள் சாலையின் போக்கிலேயே ஓடும்படி இருப்பவற்றைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் ஒல்லி டயர் இடுக்கில் இறங்காது. மழைக்கு மறுநாள், சாலைத் திருப்பங்களில் ஒட்டிக் கிடக்கும் இலைகளை முதலில் கூட்டச் சொல்ல வேண்டுகிறோம். முன்பிரேக் பிடித்ததும் வழுக்குவது அங்கேதான்.

வேகப் பயிற்சிக்கு இது இடமில்லை. மணிக்கு 15 கி.மீ. என்று பலகை வைத்தால் எங்களுக்குச் சம்மதமே.

கன்னட மனுவும் இடங்களைக் குறித்த வரைபடமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டோர்