கழிக்கும் முன் பட்டியலை ஒட்டுங்கள்: நூலகத் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சென்ற மாதம் பழைய நூல்களைக் கழித்த விவரம் தங்களுக்குத் தெரியும். கழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கரையான் அரித்தவை, பாடத்திட்டம் மாறிப்போன தேர்வு வழிகாட்டிகள், படிகள் மிகுந்துபோன நாவல்கள் ஆகியவற்றை எடுத்தால்தான் புதியவற்றுக்கு இடம் கிடைக்கும். சரி. ஆனால் எவற்றை எடுக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே வாசகர்களுக்குச் சொல்லுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இந்த முறை குறிப்புதவிப் பிரிவிலிருந்தும் அள்ளியிருக்கிறார்கள். பல ஆண்டுகளாக யாரும் இரவல் எடுக்கவில்லையாம். குறிப்புதவி நூலைத்தான் யாருக்கும் இரவல் கொடுப்பதே இல்லையே! அங்கேயே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். அதில் ஒட்டிய தேதிச் சீட்டு என்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கும். அந்த வெறுமையையே காரணம் காட்டி அதைத் தூக்கிப் போடுவது எந்த நியாயம்?

எங்கள் ஊர் நெசவின் வரலாற்றை எழுதிவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கூட்டுறவு நெசவாளர் சங்கத்தின் பழைய வெள்ளிவிழா மலர் ஒன்று அந்த அலமாரியில் இருந்தது. எந்தத் தெருவில் எத்தனை தறி, சங்கம் யார் வீட்டுத் திண்ணையில் தொடங்கியது எல்லாம் அதில் உண்டு. சங்கத்திடமே இப்போது படி இல்லை. பாதிக் குறிப்பு எடுத்த நிலையில் ஒருநாள் போனால் அலமாரி காலி. பழைய பேப்பர் கடைக்கு ஓடினார். மூட்டைகள் அதற்குள் லாரி ஏறிவிட்டன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் தறிக் கணக்கு எழுதிய அந்த நோட்டு பாதியிலேயே நிற்கிறது. அவருக்கு யார் பதில் சொல்வது?

சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா நடத்துகிறீர்கள், மகிழ்ச்சி. உள்ளே இருந்தது போகும்போது ஏன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது? சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. இங்கே வாசகர் நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகப் பழைய மலர்களையும் துண்டறிக்கைகளையும்கூடச் சேர்த்து வைத்தார். அதனால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அரசுத் துறையால் ஒரு பட்டியல்கூட ஒட்ட முடியாதா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. கழிக்கும் நூல்களின் பட்டியலை ஒரு மாதம் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். வேறெங்கும் படி இல்லாதவற்றை மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பழைய நூல்களை மின்படியாக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திடமும் அவற்றைக் கொடுத்து மின்படி எடுத்தபின் திரும்ப வாங்கலாம். அப்படி ஓர் ஆணை வரும்வரை குறிப்புதவிப் பிரிவில் கை வைக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்