ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு ஓவன் வந்ததும், மகள் கேக் செய்யத் தொடங்கியிருப்பதும் படிக்கவே சந்தோஷமாக இருந்தது. கேக் இறுகி, வறண்டு போகிறது என்று எழுதியிருந்தாய். ஓவனைக் குறை சொல்லுமுன் மைதாவின் அளவைப் பார். குறிப்பில் கிராமில் இருந்ததை அவள் கப்பாக மாற்றிக்கொண்டாள் என்கிறாயே, அநேகமாகக் கோளாறு அங்கேதான்.

ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். அந்தக் கணக்கை மற்றப் பொருள்களுக்கு அப்படியே போடக் கூடாது. 240 மில்லி கப்பில் சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம், எண்ணெய் 220, தேன் 340 கிராம் பிடிக்கும். இவை எப்படி ஊற்றினாலும் கொட்டினாலும் பெரிதாக மாறுவதில்லை. மைதாதான் ஏமாற்றும். கரண்டியால் மெல்லப் போட்டு, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டால் 120, 125 கிராம் வரும். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் நடுவில் இருக்கும் காற்று வெளியேறி 150 கிராம் வரைகூட ஏறிவிடும். மூன்று கப்புக்கு 75 கிராம் கூடினால் கேக் எப்படி மெத்தென்று வரும்?

இன்னொன்று, கப்பே ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்கக் குறிப்பில் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி. மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. அவுன்ஸிலும் கவனம் வேண்டும். திரவ அவுன்ஸ் கொள்ளளவு, வெறும் அவுன்ஸ் எடை. 8 திரவ அவுன்ஸ் தேனை நிறுத்தால் கிட்டத்தட்ட 12 அவுன்ஸ் இருக்கும்.

அதனால் எங்கோ அச்சிட்ட அட்டவணையை நம்புவதைவிட, உன் வீட்டுக் கப்புக்கு ஒருமுறை கணக்கெடுத்துவிடு. காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கு. விளிம்புவரை தண்ணீர் ஊற்று. காட்டும் கிராம்தான் கப்பின் மில்லி. துடைத்துக் காயவைத்த பிறகு, மகள் வழக்கமாக அளக்கும் அதே முறையில் மைதாவை நிரப்பி நிறுத்துப் பார். மூன்று முறை செய்து சராசரி எடுத்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவை. சராசரி 130 என்று வைத்துக்கொள். குறிப்பு 300 கிராம் கேட்டால் 300-ஐ 130-ஆல் வகுக்க 2.3, அதாவது இரண்டே கால் கப்புக்குச் சற்று அதிகம். சர்க்கரை, கோகோ, ரவை ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும்.

குறிப்பின் சொல்வரிசையையும் அவள் கவனிக்கட்டும். 'சலித்த மைதா ஒரு கப்' என்றால் சலித்துவிட்டு அளக்க வேண்டும். 'மைதா ஒரு கப், சலித்தது' என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். முதலாவதில் மாவு குறைவாகவே பிடிக்கும்.

ஈஸ்ட், உப்பு, சோடா போன்ற சிறு அளவுகளைச் சாதாரணத் தராசில் நிறுக்காதே. முழுக் கிராமாக மட்டும் காட்டும் தராசில் 3 கிராம் ஈஸ்ட் என்பது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். அதிலும் துளித்துளியாகத் தூவினால் சில தராசுகள் அந்தக் கூடுதலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவற்றுக்கு வழித்த டீஸ்பூனே நல்லது. ஆனால் உப்பு மட்டும் ரகம் பார்த்து: பொடியுப்பு டீஸ்பூனுக்கு 6 கிராம் இருக்கும், செதில் உப்பு 3 கிராம்கூட இருக்கலாம்.

அவள் செய்யும் குறிப்பை அப்படியே எழுதி அனுப்பு, உன் கப்பின் மில்லியும் சேர்த்து. முட்டை எடையும் பார்த்துக் கிராமில் மாற்றித் தருகிறேன்.

அன்புடன்,
சுகந்தி