பெட்டியில் 120 என்று இருந்தால்

வவுனியா

அன்பின் தவம்,

கடிதம் கிடைத்தது. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்துக்குக் காணும் என்று எழுதியிருந்தாய். வாசிக்கவே மனம் குளிர்ந்தது. அம்மாவின் முழங்கால் நோ இப்போது குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம்.

ரீவி விசயத்துக்கு வருகிறேன். மகனுக்குக் கேம் விளையாட வேண்டும், அம்மாவுக்கு நாடகம் பார்க்க வேண்டும், உனக்குக் கிரிக்கெற். கடையில் 55 இஞ்சி ஒன்றைக் காட்டி "120 ஹேர்ட்ஸ்", அதாவது செக்கனுக்கு 120 தரம் படம் மாறும் என்றார்களாம், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மகனிடம் இருக்கும் பிளேஸ்ரேஷன் பிஎஸ்4 ஆ, பிஎஸ்5 ஆ?

பிஎஸ்4 என்றால் அந்த 120க்கு ஒரு சதமும் கூடக் கொடுக்காதே. சாதாரண பிஎஸ்4 ரீவிக்கு அனுப்புவது 1080பி, அதாவது 1080 வரிப் படம், செக்கனுக்கு அதிகபட்சம் 60 தரம். பிஎஸ்4 புரோ என்றால் 4கே, அதாவது 2160 வரி வரும், ஆனால் அதுவும் 60 தான். 120 தேவைப்படுவது பிஎஸ்5 இருந்தால் மட்டுமே. அதிலும் எல்லாக் கேமும் 120இல் ஓடாது. பெரும்பாலானவை 30 அல்லது 60இல்தான் ஓடும்.

பிஎஸ்5 தான் என்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் 120ஐ நம்பி இறங்காதே. அந்த எண் மூன்று விதமாக வருகிறது. ஒன்று, "மோஷன் ரேட் 120" போன்ற விளம்பரப் பெயர். பனல், அதாவது உள்ளே இருக்கும் திரை, 60 தான், இடையில் பொய்ப் படங்களைச் செருகி அசைவை மழுப்புகிறார்கள். கேமுக்கு அது உதவாது, படத்தைப் பிந்த வைத்துக் கெடுதலே செய்யும். இரண்டாவது, டிஎல்ஜி என்று சொல்கிற வேலை. 4கே 60 பனலில் இரண்டிரண்டு வரிகளை ஒன்றாக எழுதி 120 ஆக்குவார்கள். வேகம் வரும், ஆனால் நிலைக்குத்தில் தெளிவு பாதியாகும், எழுத்துகளின் ஓரம் படிக்கட்டுப் போலத் தெரியும். மூன்றாவதுதான் உண்மையான 120 பனல். அதிலே 4கே படத்தை 120இல் வாங்க, படமும் சத்தமும் ஒரே வயரில் வருகிற எச்டிஎம்ஐ வாசல் 2.1 ஆக இருக்க வேண்டும். 2.0 வாசல் செக்கனுக்கு 18 ஜிகாபிற் வரைதான் தாங்கும், 4கே 60உடன் அது முடிந்துவிடும். 2.1 வாசல் 48 வரை போகும்.

கடையில் சோதிப்பது சுலபம். மகனின் பிஎஸ்5ஐப் பையில் போட்டுக்கொண்டு போ. ரீவியைத் திருப்பிப் பின்பக்கம் பார், "4கே 120" என்று எழுதிய வாசலில் செருகு. நாலு வாசல் இருந்தாலும் பல ரீவிகளில் இரண்டில் மட்டுமே அந்த வசதி இருக்கும். அதில் ஒன்றுதான் சவுண்ட்பாருக்கான இஆர்க் வாசலாகவும் இருக்கும், பின்னால் சவுண்ட்பார் போடுகிற எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் எடு. பிஎஸ்5 பெட்டியுடன் வந்த எச்டிஎம்ஐ வயரையே பாவி. பிறகு ரீவி செற்றிங்ஸில் அந்த வாசலைத் திறந்துவிட வேண்டும். சாம்சுங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜியில் "எச்டிஎம்ஐ டீப் கலர்", சோனியில் "என்ஹான்ஸ்ட் ஃபோர்மற்" என்று இருக்கும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு "120 வருகுதில்லை" என்று ரீவியைக் குறை சொல்கிறார்கள். கடைசியாக பிஎஸ்5 செற்றிங்ஸில் ஸ்கிரீன் அன்ட் வீடியோவுக்குள் போய் வீடியோ அவுட்புட் விபரத்தைப் பார். 4கே 120 ஏற்கும் என்று அங்கே காட்டவில்லை என்றால், கடைக்காரர் எதைச் சொன்னாலும் அது உனக்குத் தேவையான ரீவி அல்ல.

ஆனால் 120ஐ விடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது, கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. பட்டனை அமத்தியதில் இருந்து திரையில் அசைவு தெரியும்வரை எடுக்கும் நேரம். 60 ஹேர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெக்கன் நிற்கும். படத்தை மெருகூட்டும் வேலைகள் எல்லாம் ஓடும்போது சில ரீவிகள் 100 மில்லிசெக்கன் பிந்தும், அதாவது ஆறு படம். பந்து துடுப்பைத் தாண்டிய பிறகுதான் துடுப்பு வீசும். அந்த வேலைகளை நிப்பாட்டுகிற கேம் மோட் போட்டால் நல்ல ரீவி ஒன்றில் இது பத்து, பதினைந்துக்கு இறங்கிவிடும். பிஎஸ்5 இணைத்தால் புதிய ரீவிகள் பல தாங்களாகவே கேம் மோடுக்கு மாறும். பிஎஸ்4க்கு அந்த வசதி இல்லை, றிமோட்டை எடுத்து அந்த எச்டிஎம்ஐ வாசலுக்கு நீதான் போட வேண்டும். பெரும்பாலான ரீவிகளில் ஒவ்வொரு வாசலுக்கும் செற்றிங்ஸ் தனித்தனி, ஆகவே அம்மாவின் நாடகத்துக்கு ஒன்றும் ஆகாது.

இனிப் பனல். சாதாரண எல்இடி ரீவிகளில் இரண்டு சாதி. விஏ பனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கலர் வெளிறும். ஐபிஎஸ் பனலில் எங்கிருந்து பார்த்தாலும் கலர் மாறாது, ஆனால் இருட்டுக் காட்சிகள் சாம்பலாகத் தெரியும். லைற்றை நிப்பாட்டி இரவில் பார்க்கிற வீட்டுக்கு விஏதான் என் தெரிவு. அம்மா சுவரோரக் கட்டிலில் இருந்து சரிவாகப் பார்ப்பவர் என்றால் மட்டும் ஐபிஎஸ் பக்கம் யோசி. ஒரே மொடலில் 43 இஞ்சி ஐபிஎஸ் ஆகவும் 50 இஞ்சி விஏ ஆகவும் வரலாம். அதனால் மொடல் பெயரை வைத்து முடிவு கட்டாமல், நீ எடுக்கப்போகிற அளவையே போட்டுக் காட்டச் சொல்லி, நேரே நின்றும் பக்கத்தில் நின்றும் பார்.

பென் டிரைவ் ஒன்றில் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, இளம் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆறு படமும், ஒரு கிரிக்கெற் துண்டும் போட்டுக்கொண்டு போ. கடையில் ஓடும் டெமோவும் "விவிட்" கலரும் எந்த ரீவியையும் அழகாகக் காட்டும். மூவி மோடுக்கு மாற்றச் சொல்லு. சாம்பல் படத்தில் திட்டுத்திட்டாக அழுக்குப் போலத் தெரிந்தால், கமரா மைதானத்தில் ஓடும்போது அதே அழுக்கு புல்லின் மேலே நிற்கும். கறுப்புப் படத்தில் மூலைகள் வெளிச்சம் கசிகிறதா பார். மற்ற நிறங்களில் செத்த புள்ளி இருக்கிறதா தேடு. பெட்டியை உடைத்து நீ கொண்டுபோகிற அந்த ரீவியிலேயே இதைச் செய், காட்சிக்கு வைத்திருப்பதில் அல்ல.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் கூடுதல் வித்தியாசம் காட்டும் படம் என்று ஒட்டியிருப்பதைப் பெரிதாக எடுக்காதே. விலை குறைந்த ரீவிகள் 250, 300 நிற்ஸ் வெளிச்சம்தான் தரும். எச்டிஆர் சிக்னலை வாங்கும், ஆனால் படம் இன்னும் இருண்டு போகும். அப்படியானால் பிஎஸ்சில் எச்டிஆரை நிப்பாட்டிவிடு.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி ரீவி பற்றியும் கேட்டிருந்தாய். படத்துக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை, ஆனால் உன் வீட்டுக்கு வேண்டாம். ஒரே சனலின் இலச்சினையும் செய்திப் பட்டியும் நாள்முழுக்க நின்றால் காலப்போக்கில் தடம் விழும். அதைக் குறைப்பதற்காக எல்ஜி போன்ற ஓஎல்இடிகள் நாலு மணித்தியாலம் ஓடிய பின், றிமோட்டால் நிப்பாட்டியதும் தாங்களே ஒரு சுத்திகரிப்பு வேலை செய்யும். அதற்குச் சுவரில் கரண்ட் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் படுக்கப்போகும்போது சுவிச்சை நிப்பாட்டி பிளக்கையும் கழற்றுவோம், இடிக்குப் பயந்து அதைச் செய்யத்தான் வேண்டும். அந்தப் பழக்கமும் ஓஎல்இடியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

அளவு. வீட்டுத்திட்ட வீட்டின் ஹோலில் கதிரைக்கும் சுவருக்கும் எட்டடி கிடைத்தால் நல்லது. திரையின் மூலைவிட்டத்தை 1.6ஆல் பெருக்கினால் வசதியான தூரம் வரும். 43 இஞ்சிக்கு ஐந்தே முக்கால் அடி, 50க்கு ஆறே முக்கால், 55க்கு ஏழே கால், 65க்கு எட்டே முக்கால். 55 இஞ்சி ரீவி 122 சென்ரிமீற்றர் அகலம். கடதாசி அட்டையை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பார். இதில் ஒரு இடைஞ்சல் என்னவென்றால், அன்ரனாவில் வரும் படம் 576 வரிதான், அதை 2160 வரிக்கு இழுத்தால் பெரிய திரையில் முகங்கள் மெழுகு போலத் தெரியும். அம்மா பார்ப்பது அதிகம் அன்ரனாவில் என்றால் 50க்கு மேலே போகாதே.

டிஷ் பெட்டி வைத்திருந்தால் அதன் பின்பக்கத்தைப் பார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மூன்றும் செருகியிருந்தால், எச்டி பக்கேஜுக்குக் காசு கட்டினாலும் நீ பார்ப்பது அந்தப் பழைய 576 வரிதான். பெட்டியில் எச்டிஎம்ஐ வாசல் இருந்தால் அதற்கு மாற்று. பழைய நிகழ்ச்சிகளை அகலத்துக்கு இழுக்காமல் 4:3 இலேயே விடு, ஆட்கள் குண்டாகத் தெரியமாட்டார்கள். இன்ரநெற்றில் பார்க்கிற நேரத்தில், நெற்ஃபிளிக்ஸ் எச்டியில் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரையும், 4கேயில் 7 ஜிபி வரையும் இழுக்கும். 4ஜி றவுட்டர் பக்கேஜ் என்றால் நெற்ஃபிளிக்ஸ் கணக்கின் செற்றிங்ஸில் தரத்தைக் குறைத்து வை.

நான் உன்னை அதிகம் கெஞ்சிக் கேட்பது கரண்ட் விசயத்தில்தான் மச்சான். பனல் தானாகப் பழுதாவதை விட, இடியிலும் வோல்ற்றேஜிலும் போகிற ரீவிகள்தான் எங்கள் பக்கத்தில் ரிப்பயர் மேசைக்குக் கூடுதலாக வரும்.

பின்பக்க ஸ்ரிக்கரைப் பார். 100 தொடக்கம் 240 வோல்ற் என்று இருந்தால், வோல்ற்றேஜ் குறைவதால் அதற்குக் கேடு இல்லை. ஆகவே குறைவுக்காக ஸ்ரெபிலைசர் தேவையில்லை. பயப்பட வேண்டியது கூடுவதற்கு. கம்பத்தில் நியூட்ரல் வயர் கழன்றால் வீட்டுக்குள் 230க்குப் பதிலாக 400க்குக் கிட்ட வரலாம். ரீவியின் உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கிற பெரிய கப்பாசிற்றர் தாங்குவது வழக்கமாக 450 வோல்ற். 230 ஏசியை உள்ளே டிசியாக மாற்றினாலே 325 வரும், 400 ஏசி என்றால் 560ஐத் தாண்டும். அது தலை வீங்கி வெடிக்கும், பியூஸ் அதன் பிறகுதான் போகும். அதற்கு மருந்து, 260 அளவில் தானாக வெட்டி, கரண்ட் திரும்பி வந்தாலும் கொஞ்சம் பொறுத்துத் திறக்கிற வோல்ற்றேஜ் புரொரெக்ரர். பிரிட்ஜுக்குப் போடுவதே போதும். ரீவி 100 வாற், பிஎஸ்5 கேம் ஓடும்போது 200 வாற் அளவு, இரண்டும் சேர்ந்தாலும் ஒன்றரை அம்பியர் வராது.

இடிக்கு அந்தப் புரொரெக்ரரும் காணாது, ட்ரிப் சுவிச்சும் காணாது. சித்திரை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வானம் இருட்டியவுடன் எல்லாவற்றையும் கழற்று. பிளக்கைக் கழற்றிவிட்டு அன்ரனா வயரை விடுகிறவர்கள்தான் அதிகம். கூரையில் நிற்கும் டிஷ்ஷில் இருந்து வருவது பெட்டிக்குள் புகுந்து, எச்டிஎம்ஐ வழியாக ரீவியின் போர்ட்டுக்குப் போய்விடும். கரண்ட் பிளக், டிஷ் வயர், அன்ரனா வயர், றவுட்டரில் இருந்து வரும் லான் வயர், நாலும் வெளியே வர வேண்டும். சேர்ஜ் புரொரெக்ரர் வாங்கினால் வீட்டு எர்த் சரியா என்று எலெக்ரீசியனைக் கொண்டு பார்ப்பி. கோடையில் நிலம் வறண்டு கிடக்கும்போது எர்த் கம்பி பேருக்குத்தான் நிற்கும்.

இன்னொன்று. ரீவி, டிஷ் பெட்டி, பிஎஸ் எல்லாம் இரண்டு கம்பி பிளக். கரண்டில் இருக்கும்போது எச்டிஎம்ஐ வயரின் இரும்பு முனையில் விரல் பட்டால் சுரசுரவென்று இருக்கும். அந்தக் கசிவோடு செருகினால் வாசல் செத்துப்போகலாம். வயர் மாற்றும்போது இரண்டு பக்கமும் பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்று என்று மகனுக்குச் சொல்லி வை.

சுவரில் மாட்டுவதென்றால் திரையின் நடு, கதிரையில் இருக்கிறவரின் கண் மட்டத்துக்கு வர வேண்டும், நிலத்தில் இருந்து மூன்றரை அடி. கதவுக்கு மேலே மாட்டினால் விஏ பனல் கீழிருந்து வெளிறும். உன் சுவர் ஓட்டைக் கல்லாக இருந்தால் சாதாரண பிளாஸ்ரிக் பிளக் நிற்காது, உள்ளே விரியும் அங்கர் போடு, அல்லது மேசையிலேயே வை. யன்னலுக்கு நேர் எதிரே வைக்காதே, பகலில் யன்னல்தான் திரையில் தெரியும். பின்பக்கக் காற்றுத் துளைகளுக்குள் எறும்பும் பல்லியும் புகும். மாதத்துக்கு ஒருக்கால் தும்புத்தடியால் சுவர்ப் பக்கத்தைத் தட்டு. திரைக்கு மென்மையான உலர்ந்த துணி மட்டும், கண்ணாடி துடைக்கிற தண்ணி கிட்டவும் போகக்கூடாது.

ஏற்றும்போது பெட்டி நிமிர்ந்தபடியே வர வேண்டும். படுக்க வைத்து மாங்குளம் றோட்டில் கொண்டுவந்தால் ஒரு குழியில் பனல் வெடிக்கும், அதை மாற்றுவதற்குப் புதிய ரீவிக் காசு கேட்பார்கள். வாரண்டியைக் கம்பனியின் ஏஜென்ட் தருவதா, கடை தருவதா என்று கேள். கடை வாரண்டி என்றால் அந்தக் கடை இருக்கும்வரைதான். இடி, வோல்ற்றேஜ், உடைவு, பூச்சி எதற்கும் வாரண்டி கிடையாது என்று வாரண்டி அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், காசு கட்ட முதல் வாசி.

மகனிடம் இருப்பது பிஎஸ்4 என்றால்: 50 இஞ்சி, விஏ பனல், 60 ஹேர்ட்ஸ், ஏஜென்ட் வாரண்டி, மிச்சக் காசில் புரொரெக்ரர். பிஎஸ்5 என்றால், அம்மாவின் பார்வை டிஷ் எச்டிக்கு மாறினால் மட்டும், உண்மையான 120 பனல் உள்ள 55. எது என்று எழுது. கதிரைக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை அடி, அம்மா எந்தப் பக்கம் இருக்கிறார், டிஷ் பெட்டியில் எச்டிஎம்ஐ வாசல் இருக்கிறதா, இந்த மூன்றையும் சேர்த்து எழுது. கடையில் காட்டிய ரீவியின் மொடல் இலக்கத்தை ஒரு எழுத்தும் விடாமல் பார்த்து எழுது, எந்தச் சந்தைக்குச் செய்தது என்பது பல மொடல்களில் கடைசி எழுத்துகளில்தான் இருக்கும்.

அன்புடன்
உன் சிவம்